காவல் சங்கிலிக்குப் பூசிய நீலம்

பயப்படுவதற்கென்றே என்னை வேலைக்கு வைத்திருந்தார்கள் என்று சொன்னால் தப்பில்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே, ரயில் பாதையை ஒட்டி ஒரு பெயிண்ட் கம்பெனி இருந்தது. ஆவடியில் வந்து குவிந்த ராணுவ லாரிகளுக்குப் பூசும் பச்சை அங்கே தயாரானது. ரசாயனம் படித்தவன் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் வேலை என்று நினைத்து, பூந்தமல்லியிலிருந்து சைக்கிள் மிதித்துப் போனேன். முதல் நாளே மேனேஜர் பின்பக்கக் கொட்டகைக்கு அழைத்துப் போய், கரி பிடித்த ஒரு சுவரைக் காட்டினார்.

அந்தச் சுவருக்கு முன்னால், நான் சேர்வதற்குச் சில மாதங்கள் முன்பு, ஒருவர் செத்துப் போயிருந்தார். உயரத்தில் இருந்த தொட்டியிலிருந்து தின்னர் குழாய் வழியாக இறங்கி, இரும்புப் பீப்பாய்களில் நிரம்பும் இடம் அது. தின்னர் என்பது பெயிண்டை இளக்குகிற திரவம். பெட்ரோல் மாதிரி நொடியில் ஆவியாகும், பற்றிக்கொள்ளும். பீப்பாய் பாதி நிரம்பியபோது வெடித்திருக்கிறது. பட்டப்பகல். பக்கத்தில் விளக்கில்லை, அடுப்பில்லை. பீடி பிடித்திருப்பான் என்று கம்பெனியில் பேசி முடித்துவிட்டார்கள். மேனேஜருக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. நெருப்பு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடி என்றார்.

செத்தவரின் அண்ணன்தான் இப்போது அதே இடத்தில் பீப்பாய் நிரப்பிக்கொண்டிருந்தார். அம்பத்தூர் ஏரிப் பாசனத்தில் நிலம் வைத்திருந்த குடும்பம். இரண்டு போகம் பொய்த்ததும் அண்ணனும் தம்பியும் கம்பெனிக்கு வந்தவர்கள். நாற்பது வயது இருக்கும். கரி பிடித்த சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாள் முழுக்க நிற்பார். பாட்டுக்கூடப் பாடுவார். இந்த மனுஷனுக்கு நெஞ்சை எதனால் செய்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

"என் தம்பி பீடி தொட்டதே இல்ல சார்," என்றார் முதல் நாள். "அத்த மட்டும் எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன். பிறகு ஆராய்ச்சியில் இறங்கினேன். ஆராய்ச்சி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. குழாயில் தின்னர் எப்படி ஓடி வரும் என்று பார்க்க, ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஓடவிட்டு, நடுவே மையை நூல் போல ஒழுகவிட்டேன். மெதுவாக ஓடும்போது அந்த மை இழை ஆடாமல் அசையாமல் நேராகப் போகும். வால்வை இன்னும் கொஞ்சம் திறந்தால், இழை லேசாக நடுங்கும். இன்னும் ஒரு மயிரிழை திறந்தால் சட்டென்று சிதறிக் குழாய் முழுக்க நீலமாகிவிடும். எந்தக் கணத்தில் சிதறுகிறது என்று பிடிக்க நூறு தடவை பார்த்திருப்பேன். பிடிபடவில்லை. என்னை மிகவும் பயமுறுத்தியது அதுதான்.

அடுத்து, ஒரு பாட்டிலில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளை இரண்டு இலையாக வெட்டித் தொங்கவிட்டு, பீப்பாய் அருகில் வைத்துவிட்டுச் சுவருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். மின்சாரம் சேர்ந்தால் இலைகள் ஒன்றையொன்று விலகி நிற்கும். தின்னர் மெதுவாக இறங்கியபோது இலைகள் சும்மா கிடந்தன. கொந்தளித்து இறங்கியபோது விரிந்துகொண்டன. குழாயோடு உரசி வருகிற தின்னர் மின்சாரத்தையும் சுமந்து வந்து பீப்பாயில் இறக்கிவிடுகிறது. பீப்பாயோ காய்ந்த மரப்பலகை மேல் நிற்கிறது. அந்த மின்சாரம் மண்ணுக்குப் போக வழியில்லை. ஒரு கை, ஒரு கரண்டி, ஏதோ ஒன்று கிட்டே போனால் தீப்பொறி. பீடி தேவையே இல்லை.

அன்றிலிருந்து என் நிம்மதி போயிற்று. மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவரைப் பார்த்தாலும், அவர் வேட்டியில் தின்னர் வாடை வருகிறதா என்று மோந்து பார்ப்பேன். வீட்டில் குடத்துக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டாலே, மெதுவாக ஊற்றுங்கள் என்று கத்துவேன். எனக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்தது யாரோ ஒரு பெண் செய்த புண்ணியம்.

இதற்குப் பரிகாரம் எளிது. ஈர மண்ணில் ஓர் இரும்புக் கம்பியை ஆழமாக அடித்து, அதிலிருந்து ஒரு சங்கிலி. சங்கிலியின் நுனிக் கொக்கியைப் பீப்பாயின் விளிம்பில், பெயிண்ட் சுரண்டி இரும்பு தெரிகிற இடத்தில் மாட்ட வேண்டும். மின்சாரம் அதன் வழியாக மண்ணுக்குப் போய்விடும். ஆனால் மின்சாரம், உராய்வு என்று நான் விளக்கியபோது, பீப்பாய் நிரப்புகிற அந்த அண்ணன் கொட்டாவி விட்டார். கடைசியில் பொறுமை இழந்து, "அண்ணாத்தே, இந்தச் சங்கிலிதான் உங்களுக்குக் காவல். எதுவானாலும் முதல்ல கை சங்கிலிக்குப் போகணும்," என்றேன்.

"காவலா? அப்டி சொல்லுங்க சார். இன்னாமோ சொல்லிக்கினு இருந்தீங்க," என்றார். அதற்குப் பிறகு ஒரு நாள்கூடச் சங்கிலி மாட்டாமல் அவர் வால்வைத் தொட்டதில்லை. வேலையை நிறுத்தும்போது கொக்கியைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொள்வதையும் பார்த்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. என்ன ஒரு வார்த்தை கண்டுபிடித்தேன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. கம்பெனியே அமர்க்களப்பட்டது. நான் வேதக்காரன், மாதா கோவிலுக்குப் போகிறவன்; பூஜை நடக்கும் இடத்தில் குறுக்கே போய் அவர்களைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று ஆபீஸ் அறையிலேயே இருந்து, கொடுத்த பொரிகடலையைத் தின்றுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். கொட்டகைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதை நாகரிகம் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் விஜயதசமி காலை. அந்த வருஷம் மழை இன்னும் இறங்கவில்லை, காற்று வறண்டு கிடந்தது. வேலை தொடங்கிவிட்டது என்று சத்தத்திலேயே தெரிந்தது. எப்போதும் முனகிக்கொண்டு இறங்கும் தின்னர் அன்று தடதடவென்று இறங்கிக்கொண்டிருந்தது. ஈயத்தாள் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். அவர் புது வேட்டியோடு, நெற்றியில் குங்குமத்தோடு பீப்பாய் அருகில் நின்றார்.

"நல்ல நாள் சார். தாராளமா வரட்டும்னு முழுசா தொறந்து உட்டுட்டேன்," என்றார்.

சங்கிலியைத் தேடினேன். மாட்டித்தான் இருந்தது. ஆனால் பளபளவென்று நீலமாக இருந்தது. கம்பியிலிருந்து கொக்கி நுனிவரை, கண்ணி கண்ணியாக, எங்கள் கம்பெனியின் முதல் தர எனாமல் பெயிண்ட். மூன்று தடவை பூசியிருப்பார். மேலே சந்தனம், குங்குமப் பொட்டு, ஒரு சாமந்திச் சரம். எனாமல் வழியாக மின்சாரம் போகாது. அங்கே தொங்கியது சங்கிலியே இல்லை, வெறும் அலங்காரம். பாட்டிலை மெல்லக் கீழே வைத்தேன். இலைகள் இரண்டும் விரிந்து விறைத்து நின்றன.

கத்த வாய் திறந்தேன், குரல் வரவில்லை. அதுவே நல்லதாயிற்று. சங்கிலி என்று நான் கத்தியிருந்தால் அவர் கை நேரே கொக்கிக்குப் போயிருக்கும். அப்படித்தானே சொல்லிக்கொடுத்திருந்தேன். ஆவி பொங்குகிற பீப்பாய் வாயருகே அந்தக் கை போனால், சுவரில் இன்னொரு கரி படியும். ஓடிவிடலாமா என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

"அண்ணாத்தே," என்றேன், முடிந்தவரை சாதாரணமாக. "உங்க வீட்டுக்காரம்மா கேட்டுல நிக்கிறாங்க. மெதுவா வால்வை மூடிட்டு வாங்க."

"அதுவா? இன்னாத்துக்கு வந்துகீது?" என்று வால்வை மூடினார். தின்னர் சத்தம் அடங்கியது. அவர் வேலையை நிறுத்தினால் அடுத்து கொக்கியைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். கை நீண்டது. கொக்கிக்கும் விரலுக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும்.

"அது கெடக்கட்டும் அண்ணாத்தே. அழுதுகிட்டு நிக்கிறாங்க."

கை நின்றது. அவர் என்னைத் தாண்டி ஓடினார். நானும் பின்னால் ஓடி, கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

மனைவி வரவில்லை என்று தெரிந்ததும் அவருக்குக் கோபம் வந்தது. விஷயத்தைச் சொன்னேன். மதியம்வரை யாரையும் கொட்டகைக்குள் நான் விடவில்லை. இலைகள் சுருங்கித் தொங்கிய பிறகு, நானே அரத்தை எடுத்துப்போய்க் கொக்கியின் நீலத்தைச் சுரண்டினேன். குங்குமமும் சந்தனமும் சேர்ந்து உதிர்ந்தன. அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"காவல்னு நீங்கதானே சார் சொன்னீங்க? காவலுக்கு நிக்கிற சாமிய துரு புடிக்க உட்டுட்டு, மிசினுக்கு மட்டும் பெயிண்டு பூசுவாங்களா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. மனுஷர் என் பேச்சைக் கேட்காமல் போனதால் வந்த ஆபத்து இல்லை அது. முழுக்க நம்பியதால் வந்தது. பெயிண்ட் பூசாதே என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

கண்ணிகளையெல்லாம் சுரண்டி முடித்து, சங்கிலியை மறுபடி மாட்டினோம். யாராவது வால்வைத் திறந்து பார்க்க வேண்டும். அதுவரை எல்லாப் பரிசோதனையையும் சுவருக்குப் பின்னால் நின்று செய்தவன் நான். வால்வு திறப்பது எப்போதும் அவர்தான். அன்று என்னால் சுவருக்குப் பின்னால் போக முடியவில்லை. அவர் பக்கத்தில் போய் நின்றேன். அங்கே நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, கரி பிடித்த சுவர் முதுகுக்குப் பின்னால் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று.

என் கண் அந்தச் சுவருக்கே திரும்பித் திரும்பிப் போவதை அவர் கவனித்தார்.

"பயமா கீதா சார்?"

"இருக்கு அண்ணாத்தே."

"எனக்கு தெனமும் கீது," என்றார். "பாடலன்னா நிக்க முடியாது சார்."

பிறகு வால்வை ஒரு மயிரிழை திறந்துவிட்டு, மெல்லிய குரலில் பாட ஆரம்பித்தார்.