ஜெபாவும் அலை விழுங்கும் பலகையும்

கவரைப்பேட்டை ஜெபாவுக்கு முழங்கைக்குக் கீழே என்ன நிறம் என்பது அவளுடைய கணவர் சாலமோனுக்கே மறந்துபோயிற்று. அவள் வேலை அப்படிப்பட்டது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மெத்தைக்கு ஃபோம் போடுகிற ஒரு கம்பெனியின் பின்பக்கத்து ஷெட்டில், ஃபோமைக் கரிக்குழம்பில் முக்கி, உருளையில் விட்டுப் பிழிந்து, காயப்போடுகிறாள். கூம்பு கூம்பாக வெட்டிய அந்தக் கறுப்புப் பலகையில் மைக்ரோவேவ் அலை பட்டால் உள்ளே போகும், திரும்பி வராது. வருவதையெல்லாம் வாங்கிக்கொண்டு ஒன்றுக்கும் பதில் சொல்லாத இந்தக் குணத்தை மனிதர்களிடம் கண்டால் கோபப்படுகிறோம். பலகையிடம் கண்டால் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

பழைய பலகைக்கு ஒரே குறை, கனம். ஆன்டெனா சோதிக்கும் அறையின் கூரையில் ஒட்டினால், பசை அலுத்துப்போய் எப்போதாவது ஒன்று கீழே இறங்கி, படித்தவர் படிக்காதவர் என்று பாராமல் தலையில் விழும். எடை பாதியாக வேண்டும், விழுங்குவது மட்டும் குறையக் கூடாது. இன்ஜினியர் ஸ்ரீவாணியின் தவம் இதுதான். திருவள்ளூர்க் கோயில் தெருவிலிருந்து பஸ் மாறி பஸ் மாறி வருகிற அந்தப் பெண்ணும் ஜெபாவும் சேர்ந்து, கூம்பின் நுனிக்கு நீர்த்த குழம்பு, அடிக்குக் கொஞ்சம் கெட்டி என்று பதம் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஜெபாவின் புடவைகள் பல இந்த ஆராய்ச்சியில் உயிர்நீத்தன. கடைசியில் ஒரு பலகை பிறந்தது. கையில் எடுத்தால் அப்பளக் கட்டுபோல இருந்தது.

வாங்குகிற கம்பெனியின் அதிகாரி கோவர்தன் புதன்கிழமை சோதனைக்கு வருவதாக ஏற்பாடு. பலகை தேறினால் ஷெட் நிலைக்கும். தேறாவிட்டால் மூடிவிடுவார்கள், ஜெபா பழையபடி மெத்தைப் பிரிவில் சூப்பர்வைசர் குப்புராஜிடம் போய் நிற்க வேண்டும். குப்புராஜ் கெட்டவர் அல்ல. அவருடைய வாய்க்குத்தான் ஷிஃப்டும் கிடையாது, லீவும் கிடையாது.

சனிக்கிழமை டீக் கிளாசோடு வந்தார்.

"இன்னா ஜெபா, இன்னும் கரி பூசிக்கினு கீற? புதன்கிழமையோட சோப்பு செலவு மிச்சம். நம்ம பக்கம் வந்துடு, உறை தைக்க ஆள் பத்தல."

"வாய வெச்சிக்கினு சும்மா இருண்ணே."

அவர் பலகையைச் சுற்றி வந்தார். "இருந்தாலும் சூப்பரா கீதும்மா. இவ்ளோ லேசா நான் பாத்ததே இல்ல."

இந்தப் பாராட்டுத்தான் ஜெபாவைக் கலக்கியது. குப்புராஜ் புகழ்ந்த மிஷின் மறுநாளே பெல்ட்டை அறுத்துக்கொண்டது. அவர் புகழ்ந்த மேனேஜர் மாற்றலாகிப் போனார். ஞாயிறு ஆராதனை முடிந்து திரும்புகையில் அவள் புதுவாயலில் இறங்கி, திருஷ்டிக்கு ஒன்று வாங்கினாள்: எலுமிச்சை, மிளகாய், கரித்துண்டு எல்லாம் ஒரு கம்பியில் கோத்தது. ஜெபமும் திருஷ்டியும் அவள்வரையில் வேறு வேறு இலாகா. ஒன்றின் விவகாரத்தில் மற்றொன்று தலையிடாது. ஷெட்டை ஒட்டிய சோதனை அறைக்குள் உலோகமே கூடாது என்பதும் அவளுக்குத் தெரியும். வளையல், மெட்டி எல்லாம் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவாள். ஆனால் இது உலோகம் இல்லையே, திருஷ்டி. மேடம் பார்த்தால் சிரிக்கும் என்று, மறுநாள் காலையில் யாரும் வருமுன் பலகையின் இரண்டு கூம்புகளுக்கு நடுவே ஆழமாகச் செருகிவைத்தாள்.

புதன்கிழமை பலகையை நிறுத்தி அலையை விட்டார்கள். அலை திரும்பவில்லை என்றால் கம்ப்யூட்டரில் கோடு படுத்தபடி போக வேண்டும். நடுவில் ஒட்டகத் திமில்போல எழுந்தது. ஸ்ரீவாணி கேபிளை மாற்றினாள், ஆன்டெனாவைத் திருப்பினாள். திமில் அசையவில்லை.

"எடையக் குறைக்கப் போய் வேலையும் குறைஞ்சிடுத்து போல," என்று கோவர்தன் மரியாதையாகச் சொல்லிப் பையை மூடினார்.

வாசலில் நின்ற குப்புராஜ், "தையல் மிஷின தொடச்சி வெச்சிக்கீறேம்மா," என்றார், உண்மையான பரிவோடு.

"உள்ள ஏதோ கம்பி இருக்கற மாதிரி திருப்பி அடிக்கறது, அக்கா," என்று ஸ்ரீவாணி முணுமுணுத்தாள்.

ஜெபாவுக்கு அப்போதுதான் எலுமிச்சையைக் கோத்த கம்பி நினைவுக்கு வந்தது. சொன்னால் ஷெட் பிழைக்கும், மானம் போகும். சொல்லாவிட்டால் மானம் இருக்கும். அதை மடியில் வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க மெத்தை உறை தைக்கலாம். விடுவிடென்று உள்ளே போனாள். கூம்புகளுக்கு நடுவே கையை விட்டு, எலுமிச்சையும் மிளகாயுமாக வெளியே இழுத்தாள்.

"என்னக்கா இது?"

"திருஷ்டிக்கு மேடம்."

"யார் திருஷ்டிக்கு?"

ஜெபா வாசலைப் பார்த்தாள். எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். குப்புராஜ், தமக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

மறுபடி அலையை விட்டார்கள். கோடு, கறிச்சோறு தின்றவன்போல நீட்டிப் படுத்தது. கோவர்தன் லேசில் நம்புகிறவர் இல்லை. திருஷ்டியை வைக்கச் சொன்னார், திமில் வந்தது. எடுக்கச் சொன்னார், போயிற்று. விஞ்ஞான முறைப்படி இதை நாலு தடவை செய்து பார்த்துவிட்டு, ஒரு கூரை முழுவதற்குமான பலகைக்கு ஆர்டர் கொடுத்தார்.

அத்தனையையும் ஒருத்தியால் முக்கி முடியாது. மெத்தைப் பிரிவிலிருந்து இரண்டு பேரை ஜெபாவிடம் அனுப்பும்படி மறுவாரம் உத்தரவு போனது. குப்புராஜே கூட்டிவந்தார்.

"இருந்த ஆளையும் இட்டுக்கினா, நான் அங்க யாராண்ட பேசுறது ஜெபா?"

"நீயும் வந்துடுண்ணே. பிழியறதுக்கு ஒரு கை கொறையுது."

குப்புராஜ் கரிக்குழம்புத் தொட்டியைப் பார்த்தார். பிறகு தம்முடைய வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். ஆச்சரியம், ஒன்றும் பேசவில்லை.