மஞ்சள் வைத்த மானிட்டர்

உத்திரமேரூர் பஜாரில் நானும் எதிர்க்கடை பாயும் கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்கள். உதிரி பாகம் வாங்கிச் சேர்த்த என் அசெம்பிள் செட்டைவிட இரண்டு மடங்கு விலையில் அவர் கம்பெனி கம்ப்யூட்டர் வாங்கியபோது வாய்விட்டுச் சிரித்தவன் நான்.

போன வாரம் மானாம்பதியிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணின் அப்பா பத்திரிகை அடிக்க வந்தார். சொந்தக்காரர்கள் பெயரைப் பாதி அடிப்பதற்குள் என் செட் மூன்று முறை நின்றுவிட்டது.

"ராகு காலம் வருதுபா! அதுக்குள்ள மொத பத்திரிகைக்கு மஞ்சா வெக்கணும்."

வெட்கத்தை விட்டு அவரைப் பாய் கடைக்கு அழைத்துப் போனேன். பாய் எழுந்து எனக்கு நாற்காலியைக் கொடுத்தார்.

நாற்பது பெயர், குலதெய்வம் படம், பூ பார்டர். மெஷின் ஒரு முறைகூடத் திணறவில்லை.

பிரிண்டர் சூடாகும்வரை பெண்ணின் அப்பாவுக்குப் பொறுமையில்லை. ஸ்கிரீனில் தெரிந்த பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சளைத் தடவிவிட்டார்.

எனக்கு உயிரே போய்விட்டது. பாய் சிரித்தார்.

"நல்ல காரியந்தானே, இன்னா இப்போ? இருக்கட்டும் வுடு நைனா."

அந்த மஞ்சளை அவர் இன்னும் துடைக்கவில்லை.

என் செட்டுக்கு ஆயுத பூஜை தவறாமல் குங்குமம் வைத்தவன் நான். யாருக்காவது அந்தச் செட் வேண்டுமா? பொட்டோடு தருகிறேன்.