கதவுக்குக் கீல் போட்டவர்

ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுகிறார் ஷம்சுத்தீன். ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜீப் சீட் தைக்கும் கடை. கிழிந்த ரெக்சினை ஒரே இழுப்பில் பிரித்துப் போட்டுத் தைப்பார், கடைசி முடிச்சு விழுந்ததும், "பஸ்தா!" இத்தாலி மொழியில் 'போதும்' என்று அர்த்தம். மலையில் ஜீப் ஓட்டுகிறவர்களுக்கும் அது தொற்றிக்கொண்டது. நெல்லிவாசல் வண்டியில் பதினாறாவது ஆள் காலை வைத்தால், "பஸ்தா, பஸ்தா" என்று டிரைவர் கத்துகிறார்.

வாணியம்பாடிக்காரர். பதினான்கு வருடம் இத்தாலியில் தோல் பதனிடும் ஊர் ஒன்றில் வேலை. நெஞ்சில் ஏறிய மருந்து வாடை இறங்கவில்லை. டாக்டர் மலைக்காற்றைச் சொல்ல, மனைவியோடு இங்கே வந்துவிட்டார். மனசு மட்டும் வரவில்லை.

அங்கே தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு பழைய கிடங்கைப் பள்ளிவாசலாக்கியபோது, அக்கம்பக்கத்தார் வேண்டாமென்று கையெழுத்து வாங்கினார்கள். இவர்கள் பதிலுக்குக் கூட்டம் போடவில்லை. ஞாயிறுதோறும் இரட்டைக் கதவையும் விரியத் திறந்து, வந்து பாருங்கள் என்றார்கள். நோன்புக் கஞ்சி வாசனை தாங்கவில்லை என்று சண்டைக்கு இறங்கிவந்த மாடி வீட்டு லூசியா அம்மாள், உட்கார்ந்து இரண்டு கோப்பை குடித்துவிட்டுப் போனார்.

போன வாரம் இலியாஸ் போன் செய்தான். இப்போது அந்தப் பள்ளிவாசலைப் பார்த்துக்கொள்பவன். புதிதாக வந்த பேச்சாளர் ஒருவர், மாற்று மதத்தாரை உள்ளே உட்கார வைப்பது மார்க்கத்துக்கு ஆகாது என்றாராம். இளைஞர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். லூசியா தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாராம்.

ஊசி தரையில் விழுந்தது.

"மூணு நாளு அந்தம்மா ஜுரமா கெடந்தப்ப கஞ்சி எடுத்துக்கினு போனது நம்ப வூட்டுப் பொம்பளைங்க. அப்ப எங்க இருந்தாரு இந்த அஜரத்து?"

சீட்டுக்காகக் காத்திருந்த டிரைவர் தசரதன், "உடுங்க பாய். உங்கள மாரி மிதவாதிங்க ரொம்பக் கம்மி" என்று ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலும் ஷம்சுத்தீனுக்குப் பற்றிக்கொண்டது.

"இன்னா மிதம்? கொழம்புக்கு உப்பா, கம்மியா ஜாஸ்தியான்னு பாக்க? அஞ்சு வேள தொழறேன். முப்பது நோன்பும் புடிக்கிறேன். பக்கத்து வூட்டாளுக்குக் கஞ்சி குடுன்னு சொன்னதும் அதே மார்க்கந்தான். நான் முழுசாத்தான் கீறேன், தசரதா!"

வெள்ளிக்கிழமை அங்கே ஜும்மா முடிந்ததும், போனை மைக்கில் பிடிக்கச் சொன்னார் இலியாஸிடம்.

"நீங்க யாருங்க?" என்றார் பேச்சாளர்.

"அந்தக் கதவுக்குக் கீலு போட்டவன். தொறக்கறதுக்குத்தான் போட்டேன். சாத்தி வெக்கறதுக்குன்னா செவுரே எழுப்பியிருப்பேன்!"

இங்கே தெருவே திரும்பிப் பார்த்தது.

ஞாயிறு சாயங்காலம் இலியாஸ் படம் அனுப்பினான். பள்ளிவாசலுக்குள் நாற்காலியில் லூசியா, கையில் கோப்பை. தசரதன் கைதட்டினார். ஷம்சுத்தீன் சிரிக்கவில்லை. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, லூசியாவைத் தள்ளிவிட்டுப் பின்னால் தேடினார்.

"ஒத்தக் கதவுதான் தொறந்துகீது."

தைத்துக்கொண்டிருந்த சீட்டில் ஊசியைக் குத்தி நிறுத்திவிட்டு, இலியாஸின் எண்ணை மறுபடி அழுத்தினார்.