நானே ஊற்றிய தண்ணீர்

நான் துணி வியாபாரி. ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போகும் காலையில் மட்டும் என் பழைய கார் மலையில் திக்கித் திக்கி இழுக்கும். மதியம் இறங்கிவந்து ஒடுகத்தூர் மெக்கானிக் சேகரிடம் காட்டினால் எஞ்சின் ஒழுங்காக ஓடும். அவர் பிளக்கெல்லாம் புதிதாக மாற்றியும் தீரவில்லை.

ஒருநாள் கொண்டை ஊசி வளைவில் கார் நின்றேவிட்டது. பின்னால் பஸ், பக்கத்தில் என் மனைவி. அந்த ஆத்திரத்தில் டீக்கடையில் பத்துப் பேர் முன்னால், "புதுசுன்னு சொல்லிட்டு பழைய பிளக்கைப் போட்டுட்டான்" என்றேன். அது சேகர் காதுக்கும் போயிருக்கிறது.

அடுத்த சந்தையன்று விடியலில் அவரே வீட்டுக்கு வந்தார். சந்தைக்குக் கார் பளபளவென்று போகவேண்டும் எனக்கு. வழக்கம்போல பானெட்டைத் திறந்து எஞ்சின்மேல் ஹோஸ் பிடித்துக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"இன்னா பாய் பண்றீங்க?" என்று குழாயை மூடினார். பிளக் வயரைப் பிடுங்கிக் காட்டினார். பிளக் உட்காரும் குழிக்குள் தண்ணீர் நின்றது. "இந்தத் தண்ணியாலதான் காலைல பிளக் ஒழுங்கா பொறி விடல. மதியத்துக்குள்ள சூட்டுல காஞ்சிடுது. அதான் எனக்குத் தெரியல."

டீக்கடைப் பேச்சை எடுக்காமலே குழியைத் துணியால் துடைத்தார். எனக்குத் தலை நிமிரவில்லை.

இப்போது எஞ்சினைக் காய்ந்த துணியால் மட்டும்தான் துடைக்கிறேன். அன்று சாயங்காலமே அதே டீக்கடையில், அதே ஆட்கள் முன்னால், தப்பு என்னுடையது என்றேன். அங்கே உட்கார்ந்திருந்த சேகர் என் முகத்தைப் பார்க்காமல், "டீ ஆறுது, குடிங்க பாய்" என்றார்.