கொடுத்தவர் வாங்கிய கைமாற்று

தெருமுனையில் அந்த வேனின் ஹாரன் கேட்டதும், நம் மெக்கானிக் கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, பிரித்துப் போட்ட வாஷிங் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொள்வார். வேன் கடந்து போன பிறகுதான் தலை வெளியே வரும். கடன் வாங்கிய ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். இவர் கொடுத்தவர். வாங்கியவர்தான் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறார்.

“என்னைப் பாத்தா அவனுக்குச் சங்கடமா இருக்கும்ல சார். பாவம்” என்பார். அந்தப் பாவம் பாட்டுப் போட்டுக்கொண்டு வேன் ஓட்டுவதைப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து நான் தினமும் பார்க்கிறேன்.

தெருவில் அவருக்குப் பெயர் ‘பரவால்ல’. கூலியில் பாதியைக் கொடுத்து மீதியை அப்புறம் தருகிறேன் என்றாலும் பரவால்ல, அப்புறமும் தராவிட்டாலும் பரவால்ல. மெஷினுக்குள் அகப்படும் கம்மல் திருகாணியைக்கூடத் துடைத்து எடுத்துக்கொண்டு போய் உரியவர் வீட்டில் கொடுத்துவிட்டு வருவார். தன் பணத்தைக் கேட்பதென்றால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அவர் கடைச் சுவரில் ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று பெரிய போர்டு தொங்குகிறது. அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான், பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே வந்த வேன்காரருக்கு எஞ்சின் வேலைக்கென்று பணத்தை எடுத்துக் கொடுத்தார். நான் போர்டைக் காட்டினேன். “அது கடனுக்கு சார். நான் குடுத்தது கைமாத்து” என்றார். கைமாற்றுக்கு அவரிடம் தனி இலக்கணம் உண்டு. கொடுத்தவன் வாய் திறந்து கேட்கக் கூடாது; வாங்கியவன் சொன்ன தேதிக்குத் தவறக் கூடாது. இரண்டாவது விதி வேன்காரர் காதில் விழவில்லை போலிருக்கிறது. வருஷம் இரண்டு ஓடிவிட்டது.

மெக்கானிக்கின் மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தபோது வந்தது வினை. வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். சான்றிதழ்களை நகல் எடுக்க வந்த அந்தப் பெண், “அப்பா கேட்டுடுவாரா மாமா?” என்றாள். அவள் அம்மா வேறு மாதிரி. “நீங்க கேக்கலைன்னா நானே போய்க் கேக்கறேன். நான் கேட்டா எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்” என்று புருஷனிடம் சொல்லிவிட்டார்.

மனிதர் அரண்டுபோய் என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு கிளம்பினார். வழிநெடுக ஒத்திகை. “டேய், அந்தப் பணம் இப்ப வேணும்டா.” அவ்வளவுதான் வசனம். நன்றாகவே சொன்னார். வேன்காரர் தன் வீட்டில் புது சோபாவில் சாய்ந்திருந்தார். “வாடா வாடா, ஆளையே காணோம்?” என்றதும் இவருக்கு வியர்த்துவிட்டது. எச்சிலை விழுங்கிக்கொண்டு வாயைத் திறந்தார்.

“டேய், அவசரமா ஒரு கைமாத்து வேணும்டா.”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். வேன்காரர் கொஞ்சமும் தயங்கவில்லை. “நமக்குள்ள என்னடா? நீ கேட்டு நான் இல்லைன்னு சொல்லுவேனா?” என்று உள்ளே போய்ப் பணத்தைக் கொண்டுவந்தார். “மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா குடு, போதும். நான் நெருக்க மாட்டேன்” என்று பெருந்தன்மையும் காட்டினார். தான் வாங்கியது மறந்துபோய்ச் சொன்னாரா, மறக்காமல் சொன்னாரா என்பது அந்த சோபாவுக்குத்தான் வெளிச்சம்.

வாசலைத் தாண்டியதும், “அது உங்க பணம்ங்க” என்றேன்.

“அதை விடுங்க சார். கேட்ட உடனே எடுத்துக் குடுத்தான் பாத்தீங்களா? இந்தக் காலத்துல யாரு குடுப்பா?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். அடுத்த மாதம் பிறந்ததும், லைசென்ஸ் நகல் எடுக்க என் கடைக்கு வந்திருந்த வேன்காரரை இவரே தேடி வந்து, முதல் தவணையை இரண்டு கையாலும் நீட்டினார். அவர் பார்க்காமலே சட்டைப்பையில் போடப் போனார்.

“இருடா, எண்ணிப் பாத்து வாங்கு. நாளைக்கு நமக்குள்ள மனஸ்தாபம் வரக் கூடாது” என்று நோட்டுகளைத் திரும்ப வாங்கி, விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, நண்பர் பார்க்கும்படி ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார்.