பொன்னுக்கு வீங்கி

"ஊசி போட்டா கொழந்தைக்குக் காய்ச்சல் வருமே" என்று யாராவது இழுத்தால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். வந்தால் வரட்டுமே! தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஊசி இருக்கிற காலத்தில் என்ன தயக்கம்? எழுபதுகளின் தொடக்கத்தில் பாப்பாரப்பட்டியில் அப்படி ஒன்றை நாங்கள் கேள்விப்பட்டதுகூட இல்லை.

அப்போது என் மகனுக்குத் தாடை இரண்டு பக்கமும் வீங்கிவிட்டது. பொன்னுக்கு வீங்கி வந்தால் கழுத்தில் தங்கம் போட வேண்டும், போட்டால் வடியும் என்பார்கள். என்னிடம் ஏது தங்கம்? நாங்கள் குடியிருந்த வீட்டுக்காரம்மாவுக்குப் புது மருமகள் வந்திருந்தாள். "இதுக்குப் போயி யோசிப்பாங்களாங்க அக்கா?" என்று தன் சங்கிலியைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டாள். அவள் கணவர் அவனை மடியில் வைத்துக் கஞ்சி ஊட்டினார். அவன் வைத்த மிச்சத்தைத் தானே குடித்தார். பெரியவர்களுக்கும் ஒட்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை, பாவி.

என் மகனுக்கு வடிந்தது. பிறகு அவருக்கு வந்தது. தாடையோடு நிற்காமல் விரையும் வீங்கிவிட்டது என்று அவள் என்னிடம் சொல்லி அழுதாள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போகவில்லை.

வருடங்கள் ஓடின. அவர்களுக்குக் குழந்தை இல்லை. மாமியார் மருமகளை வாய்க்கு வந்தபடி பேசினார். எனக்கு உறுத்தியது. பொன்னுக்கு வீங்கியால் குழந்தை இல்லாமல் போகுமா என்று தருமபுரியில் ஒரு டாக்டரம்மாவிடம் தனியாகக் கேட்டேன். "பெரிய ஆம்பளைங்களுக்கு வந்தா, சில பேருக்கு அப்படி ஆகலாம்மா. அவரக் கூட்டியாங்க, சோதிச்சுப் பாத்துடலாம்" என்றார்.

அதைப் போய்ச் சொல்ல எனக்கு நா எழவில்லை. 'உம் மவனாலதான் எங்க வம்சமே போச்சு, வூட்டக் காலி பண்ணு' என்பார்களே என்ற பயம். சுயநலம், வேறென்ன?

அவருக்கு இரண்டாந்தாரம் பார்க்க உறவுக்காரர்கள் கூடினார்கள். "கொறை அவகிட்டத்தானுங்க" என்றார் மாமியார். கணவர் தலையைக் குனிந்துகொண்டார். சுவரோரம் நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் அவளைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப்போக அவள் அண்ணன் வந்தார். பையை வாசலில் வைத்துவிட்டு என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன் முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"நீங்க எதுக்குங்க அக்கா அழுவுறீங்க? கொறை எங்கிட்டத்தானே" என்றாள்.

அப்போதும் நான் சொல்லவில்லை.