கழுவாத ஃபில்டரும் பூனை மேல் விழுந்த பழியும்

இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக் வேலை பார்ப்பவர் அவர். மாதம் தவறாமல் ஒவ்வொரு கட்டடத்துக்கும் போய், இரும்புக் கயிற்றைத் தடவிப் பார்த்து, கிரீஸ் போட்டு, அட்டையில் கையெழுத்துப் போடுவார். “ஓடுதேன்னு விட்டா ஒருநாள் நின்னுடும்” என்று எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி, காவலாளிகள் அவருக்கு ‘ஓடுதே சார்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

வீட்டில் கதை வேறு. அவர் மனைவி முன்னறையில் மெஷின் போட்டுத் துணி தைப்பவள். தரையெல்லாம் நூலும் துணுக்கும் கிடக்கும். சாயங்காலம் வாக்குவம் கிளீனர் போடுவது அவர் பொறுப்பு. தூசிப் பெட்டி நிரம்பி வழிந்தால் கொட்டுவார். மாதாமாதம் கழுவ வேண்டிய ஃபில்டரையோ, வாங்கிய நாளிலிருந்து எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஓடிக்கொண்டுதானே இருந்தது?

அந்த வருடம் மனைவிக்குத் தும்மல் பிடித்தது. பிறகு இருமல், பிறகு மூச்சிரைப்பு. தூசி ஆகாது என்று டாக்டர் சொன்னதும் அவர் திரைச்சீலையைக் கழற்றினார், தலையணையை மாற்றினார். கடைசியில் மேல்வீட்டுப் பூனை மேல் சந்தேகம் வந்து, அந்த வீட்டம்மாவிடம் போய்ப் பேசி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு இறங்கினார். வீட்டைச் சுத்தமாகவாவது வைப்போம் என்று வாக்குவத்தை முன்னைவிட அதிகமாக ஓட்டினார். தும்மலும் அதிகமானது.

ஒரு ஞாயிறு காலை வாக்குவம் உறுமி, சூடேறி, கருகல் வாடையோடு நின்றுபோனது. தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனார். கடைக்காரப் பெண் மூடியைத் திறந்தாள். ஃபில்டர் கம்பளித் துண்டுபோல் சாம்பல் நிறத்தில் தடித்திருந்தது. பிரஷ்ஷில் சுற்றியிருந்த கலர் கலரான நூலை அவள் கத்தரியால் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது.

“இது இழுத்ததைவிட வீட்டுக்குள்ளயே திருப்பி ஊதினதுதான் அதிகம் சார். வீட்ல யாருக்காவது மூச்சுத் தொந்தரவு இருக்கா?”

அவர் தலையை மட்டும் ஆட்டினார். நல்லவேளை, மோட்டார் தப்பித்திருந்தது. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அவள் கேட்டபோது, மெஷின் சம்பந்தப்பட்ட வேலைதான் என்று முணுமுணுத்துவிட்டு, புது ஃபில்டர் போட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

மோட்டார் பழுது என்று சொல்லி மழுப்பியிருக்கலாம். மனம் கேட்கவில்லை. மனைவியின் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் தைப்பதை நிறுத்தினாள்.

“பூனைகிட்ட யாருங்க மன்னிப்பு கேக்கறது?”

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, மூச்சு வாங்கியது. அவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, அந்தக் கையோடு மாடி ஏறி மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தார்.

தும்மல் மறுநாளே போய்விடவில்லை. மூன்றாவது வாரம்தான் அவள் ஒரு இரவு முழுக்க எழுந்திருக்காமல் தூங்கினாள். இரண்டு மாதம் கழித்து டாக்டர் மருந்தைப் பாதியாகக் குறைத்தார். மாதத்தின் முதல் ஞாயிறு, பழைய பேப்பரை விரித்து வாக்குவத்தைப் பிரித்துப்போட்டு உட்காருவது அவருக்குப் பழகிப்போனது.

போன வாரம் வேலை சீக்கிரம் முடிந்து மத்தியானமே வந்தார். உள்ளே தையல் மெஷின் சத்தத்தோடு அவள் ஏதோ பாட்டை இழுத்துப் பாடிக்கொண்டிருந்தாள், மூச்சு எங்கும் தடுக்காமல். மணியை அடிக்காமல் வாசலிலேயே நின்றார். நிழலாடியதைப் பார்த்துவிட்டு அவள் கூப்பிட்டாள்.

“அங்க நின்னு என்ன பண்றீங்க? உள்ள வாங்க, பத்து சட்டைக்குப் பொத்தான் வைக்கணும்.”